மெமரி யாருக்குச் சொந்தம்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டபோது, 'இளைஞர் சக்தி' என்றோ 'கல்வியின் மேன்மை' என்றோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம் என்னை விடவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். இது கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கையில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு!

என் அப்பா நம்ம ஊர் பூட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே திண்டுக்கல் பூட்டுதான். அப்பாவிடம் 2 ஜி.பி. மெமரி உள்ள பழைய போன் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அவருக்காக இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை அந்தப் போனிலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், முகவரி, வங்கி எண் எல்லாம் தட்டி முடித்துக் கடைசியில் போட்டோ கேட்டது. கேமராவைத் திறந்து அப்பாவைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் விண்ணப்பம் வெறுமையாக இருக்கிறது! மறுபடி நிரப்பினேன். மறுபடியும் அதே கதை. மூன்று தடவை!

கடையில் கொண்டு போய்க் காட்டினோம். "ரேம் பத்தாதுண்ணே, புது போன் வாங்கிடுங்க" என்றார்கள். புது போன் என்றால் அப்பாவின் மாதக் கூலியில் பெரும் பகுதி போய்விடும். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேட்டார்: "ஏம் பாப்பா, நீ கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளதானே? அந்த 2 ஜி.பி.ய யாரு தின்னுபுட்டா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேஜிங் தெரியும், ஃபர்ஸ்ட் ஃபிட், பெஸ்ட் ஃபிட் படம் போட்டுப் பத்து மார்க் வாங்கத் தெரியும். டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அப்பாவின் ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததையும், அதில் எனக்கு ஏற்பட்ட கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு படத்தின் எடை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. போனில் ஓடும் முழு ஹெச்.டி. வீடியோவில் ஒரு பிரேம் என்பது 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். கேமராக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு வடிவத்தில் புள்ளிக்கு ஒன்றரை பைட். ஆக ஒரு பிரேமுக்கு 31,10,400 பைட். ஏறக்குறைய 3 எம்.பி. வினாடிக்கு 30 பிரேம் என்றால் 93 எம்.பி. இந்தப் பிரேமைத் தற்காலிகமாக வைக்கும் இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர்.

இந்தப் பிரேம் ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. கேமராவிலிருந்து வர வேண்டும், கிராபிக்ஸ் பகுதி அதை அழகுபடுத்த வேண்டும், திரை அதைக் காட்ட வேண்டும், வீடியோ எடுத்தால் என்கோடர் அதைச் சுருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிரைவர். ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு பஃபர் வைத்துக்கொண்டு, முந்தியவரிடமிருந்து நகல் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்று நகல் எடுத்தாலே வினாடிக்கு 280 எம்.பி. வெட்டியாக இடம் மாறுகிறது. மெமரியும் போச்சு, பேட்டரியும் போச்சு!

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "எங்க பட்டறையில ஒருத்தர் தகடு வெட்டுவாரு, ஒருத்தர் லீவர் கோப்பாரு, நான் சாவிக்கு அரம் போடுவேன், இன்னொருத்தர் பாலிஷ் போடுவாரு. ஒரே பூட்டுதான் கை மாறிப் போகும். ஆளுக்கு ஒரு பூட்டுப் புதுசா செஞ்சா குடுப்போம்?"

நண்பர்களே, பல பக்கங்கள் படித்து நான் புரிந்துகொண்டதை நாலு வரியில் சொல்லிவிட்டார் என் அப்பா. நகல் எடுக்காதே, கை மாற்று. இதுதான் மொத்த விஷயமும்!

வேலி போட்ட களம்

சொல்வது சுலபம். நடைமுறையில் ஏன் அப்படி இல்லை? இங்கேதான் சிக்கல்.

கெர்னல், அதாவது இயக்க அமைப்பின் கருப்பகுதி, மெமரியை 4 கே.பி. பக்கங்களாக நறுக்கி வைத்திருக்கிறது. கேட்டவருக்குப் பக்கங்களைக் கொடுக்கும், முடிந்ததும் வாங்கிக்கொள்ளும். பக்கங்கள் சிதறிக் கிடந்தாலும் சாதாரணச் செயலிக்குக் கவலையில்லை. ஆனால் விலை குறைந்த சிப்களில் பல கேமரா, வீடியோ பகுதிகளுக்கு இடம் அடுத்தடுத்து, தொடர்ச்சியாகத்தான் வேண்டும். நாம் சொன்ன ஒரு பிரேமுக்கே 760 பக்கங்கள் வரிசையாக வேண்டும். போன் நாலு மணி நேரம் ஓடிய பிறகு காலி இடம் நிறைய இருக்கும், ஆனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று கிடக்கும். லினக்ஸ் கெர்னலின் சாதாரண ஒதுக்கீட்டாளர் வழக்கமான அமைப்பில் ஒரே துண்டாகத் தரக்கூடியது அதிகபட்சம் 4 எம்.பி.தான். திரைக்குப் போகும் நான்கு பைட் வண்ணப் பிரேம் 8 எம்.பி. கேட்கும். எங்கே போவது?

அதற்குச் சிப் கம்பெனிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. போன் எழும்பும்போதே, "இத்தனை எம்.பி. எனக்கு" என்று வேலி போட்டுத் தனியாக எடுத்துக்கொள்வது! அப்படி எடுத்த இடம் கெர்னலின் பொதுக் கணக்கிலேயே வராது. நாள் முழுக்கக் கேமராவைத் தொடாவிட்டாலும் அந்த இடம் சும்மா கிடக்கும், வேறு யாரும் தொட முடியாது. பெட்டியின் மேல் 2 ஜி.பி. என்று போட்டிருந்தாலும், கெர்னல் காட்டும் மொத்தக் கணக்கு அதைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மிச்சத்தில்தான் நம் செயலிகள் எல்லாம் குடும்பம் நடத்த வேண்டும். கேமராவைத் திறந்ததும் அதன் செயலி மேலும் இடம் கேட்கும். இடம் பத்தாவிட்டால் பின்னால் காத்திருக்கும் செயலியைக் கொன்றுதான் இடம் பிடிக்க முடியும். அப்படிச் செத்ததுதான் அப்பாவின் விண்ணப்பம்.

2011 வாக்கில் நிலைமை இன்னும் மோசம். கம்பெனிக்குக் கம்பெனி தனித்தனி மெமரி ஒதுக்கீட்டு முறை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு ஒன்று, என்விடியாவுக்கு ஒன்று, ஆண்ட்ராய்டில் முதலில் 'பிமெம்', பிறகு 'அயான்'. ஒருவர் பஃபர் அடுத்தவருக்குப் புரியாது. ஒரே கிராமத்தில் ஆளுக்கொரு படி, ஆளுக்கொரு மரக்கால் வைத்து அளந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஊர்க் களம்

நம்ம பக்கத்துக் கிராமங்களில் ஊர்க் களம் பார்த்திருப்பீர்கள். அறுவடை இல்லாத நாளில் அங்கே பிள்ளைகள் பம்பரம் விடும், துணி காயும், ஆடு படுத்திருக்கும். சோளக் கதிர் வண்டி வந்து நின்றதும் எல்லோரும் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். களம் களத்துக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு!

இதே வேலையை லினக்ஸில் செய்வதுதான் சி.எம்.ஏ. எனப்படும் தொடர் நினைவக ஒதுக்கீட்டு முறை. சாம்சங்கின் போலந்துக் கிளையிலிருந்த பொறியாளர்கள் எழுதியது. 2012-இல் 3.5 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. இதிலும் தொடக்கத்திலேயே ஒரு பகுதியைக் குறித்து வைக்கிறார்கள். ஆனால் வேலி போடுவதில்லை. கேமரா தூங்கும்போது அந்த இடத்தை, நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் கெர்னல் கடனாகக் கொடுக்கிறது. கேமரா எழுந்து கேட்டதும் அந்தப் பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தொடர்ச்சியான இடத்தைக் கொடுத்துவிடுகிறது.

சாவியைக் கொடு, பெட்டியைத் தூக்காதே

இடம் கிடைத்தாயிற்று. பகிர்வது எப்படி? இதற்கு வந்த விடைதான் டி.எம்.ஏ.-பஃப். 2012 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 3.3-இல் இது சேர்ந்தது. இந்தக் கோப்பின் தலைப்பில் ஆசிரியர் என்று இருக்கும் பெயர் சுமித் செம்வால். நம் நாட்டுப் பொறியாளர்! டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் முகவரியோடு, லினாரோ அமைப்பின் பணியாக 2011-இல் எழுதியது. அதே தலைப்பில் ஆர்ன்ட் பெர்க்மன், ராப் கிளார்க், டேனியல் வெட்டர் ஆகியோருக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்க ஆண்ட்ராய்டு போன்களில் ஓடுகிற ஒரு பகுதியின் முதல் வரியில் ஓர் இந்தியப் பெயரைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது.

இதன் சூட்சுமம் திண்டுக்கல்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். பஃபரை வைத்திருக்கும் டிரைவர் அதை 'ஏற்றுமதி' செய்கிறது. பதிலுக்கு ஒரு சின்ன எண் கிடைக்கிறது, கோப்புகளைத் திறக்கும்போது கிடைக்குமே, அதே மாதிரி எண். அதுதான் சாவி. அந்த எண்ணை அடுத்த செயலிக்கு அனுப்பினால் போதும். அதை வைத்து அடுத்த டிரைவர் பஃபரை 'இறக்குமதி' செய்துகொள்கிறது. 3 எம்.பி. பிரேம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, சாவி மட்டும் கை மாறுகிறது.

அறையை எப்போது காலி செய்வது? எத்தனை பேர் கையில் சாவி இருக்கிறது என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. கடைசிச் சாவி திரும்பி வந்தால்தான் இடம் விடுவிக்கப்படும். முதலில் ஒதுக்கியவர் போய்விட்டாலும் பரவாயில்லை, வேறொருவர் கையில் சாவி இருக்கும்வரை அறை பத்திரம்.

கிராபிக்ஸ் பகுதி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை அதைக் காட்டிவிட்டால் பாதிப் படம்தான் தெரியும். அதற்காக ஒவ்வொரு பஃபரோடும் 'வேலை முடிந்தது' என்ற அடையாளம் ஒன்றைக் கட்டி வைக்கிறார்கள். 2014-இல் வந்த இதற்கு ஃபென்ஸ் என்று பெயர். அந்த அடையாளம் எழும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். பட்டறையில் லீவர் கோத்து முடிக்காத பூட்டுக்கு யாராவது பாலிஷ் போடுவார்களா?

அடுத்தது, நமக்குப் பிடித்த டெட்லாக்! ஒருவர் முதல் பஃபரைப் பூட்டிவிட்டு இரண்டாவதற்குக் காத்திருக்கிறார். இன்னொருவர் இரண்டாவதைப் பூட்டிவிட்டு முதலாவதற்குக் காத்திருக்கிறார். இருவரும் விடியும்வரை நிற்க வேண்டியதுதான். 2013-இல் 3.11 பதிப்பில் இதற்கென்றே ஒரு புதுவிதப் பூட்டு வந்தது. ரேஷன் கடை மாதிரி ஆளுக்கொரு டோக்கன். மோதல் வந்தால் முந்திய டோக்கன்காரருக்கு வழி. பிந்தியவர் கையில் பிடித்திருக்கும் பூட்டுகளையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி வர வேண்டும். ஆனால் அவருடைய பழைய டோக்கன் எண் அப்படியே இருக்கும். அதனால் அவரும் என்றைக்காவது ஒரு நாள் மூத்தவர் ஆவார், அவர் முறையும் வரும். பூட்டு ஊரில் பிறந்த எனக்கு இந்தப் பூட்டு ரொம்பப் பிடித்துவிட்டது!

மறுதரப்பு வாதம்

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேலி போடுவதே நல்லது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. வேலி போட்ட இடம் கேட்டவுடன் கிடைக்கும். பொதுக் களத்தில் ஆடுகளை ஓட்டிவிட்டு இடம் பிடிக்க நேரம் ஆகும். சில பக்கங்கள் நகரவே மறுத்தால் கேட்ட இடம் கிடைக்காமலும் போகும். பணம் கட்டிப் பார்க்கும் சினிமாவின் பிரேம்களை யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காகத் தனிப் பாதுகாப்பு இடம் ஒதுக்குவதும் உண்டு. பகிரும்போது கணக்குத் தப்பினால் ஆபத்து பெரிது. ஒருவர் சாவியைத் திருப்பித் தர மறந்தால் மெமரி கசியும். சாவி ஒருவர் கையில் இருக்கும்போதே இடத்தை விடுவித்துவிட்டால் திருடனுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி.

ஆனால் இதெல்லாம் சரியாகக் கணக்கு வை என்பதற்கான வாதமே தவிர, பகிராதே என்பதற்கான வாதம் அல்ல என்பது என் தாழ்மையான கருத்து. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள், ஆற்றையே வேலி போட்டு எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை!

காலமும் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 2020-இல் லினக்ஸ் 5.6-இல் டி.எம்.ஏ.-பஃப் ஹீப்ஸ் என்ற பொது ஒதுக்கீட்டு முறை வந்தது. அடுத்த ஆண்டே 'அயான்' கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 12-உம் அந்த வழிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு மரக்கால் போய் ஊருக்கு ஒரே மரக்கால் வந்தது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 2012-இல் என்விடியா பொறியாளர் ஒருவர், இந்த டி.எம்.ஏ.-பஃப் வசதியைத் திறந்த உரிமம் இல்லாத டிரைவர்களும் பயன்படுத்தும்படி மாற்றலாமே என்று கேட்டார். கெர்னல் எழுதியவர்களில் சிலர் கடுமையாக மறுத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது. பொதுக் களத்தில் கதிர் அடிக்க வருகிறவர், களத்தைக் கூட்டிப் பெருக்கவும் வர வேண்டும் அல்லவா? பத்து ஆண்டு கழித்து, 2022 மே மாதத்தில், அதே கம்பெனி தன் லினக்ஸ் கெர்னல் பகுதிகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது.

நாம் ஏன் படிக்க வேண்டும்?

மெமரிதான் மலிவாகக் கிடைக்கிறதே, கூட 4 ஜி.பி. போட்டால் போகிறது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்பவர் தன் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுக்க முடிந்தவர். என் அப்பா மாதிரி ஆட்களால் முடியாது. கெர்னலில் ஒருவர் சோம்பேறித்தனமாக எடுக்கும் ஒரு நகல், எங்கோ ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் புது போன் செலவாக வந்து நிற்கிறது. வீணாகும் மெமரி யாருடைய பணம் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆகவே, இந்தக் கலையைக் கட்டாயம் கற்க வேண்டியவர்கள் நாம்தான் என்பேன். 16 ஜி.பி. மெமரி உள்ள கம்ப்யூட்டரில் எழுதுகிறவருக்கு 2 ஜி.பி.யின் வலி தெரியாது. நமக்குத் தெரியும். டிப்ளமாதானே படிக்கிறோம், கெர்னல் எல்லாம் பெரிய கல்லூரிக்காரர்கள் சமாச்சாரம் என்று நாமே நமக்கு வேலி போட்டுக்கொள்ளக் கூடாது. அந்தக் கோப்புகள் எல்லாம் திறந்துதான் கிடக்கின்றன. யாரும் மார்க் ஷீட் கேட்கவில்லை. லினக்ஸ் போட்ட எந்தக் கம்ப்யூட்டரிலும் 'ப்ராக்' அடைவுக்குள் இருக்கும் 'மெம்-இன்ஃபோ' கோப்பைத் திறந்து பாருங்கள். மொத்தம் எவ்வளவு, காலி எவ்வளவு எல்லாம் வரிசையாக இருக்கும். சி.எம்.ஏ. உள்ள கெர்னலானால் அதன் கணக்கும் அங்கேயே இருக்கும். முதல் பாடம் அங்கிருந்தே தொடங்கலாம். சங்கத்தின் சார்பில் வாரம் ஒரு மாலை கூடி, ஒரு கோப்பை எடுத்து வரி வரியாகப் படிக்கலாம் என்பது என் யோசனை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லலாம். அறிவும் ஒரு பஃபர் மாதிரிதான். ஆளுக்கொன்றாகப் பூட்டி வைத்தால் வீண், கை மாறினால்தான் வேலை நடக்கும்.

அப்பாவின் போனை நான் இன்னும் சரி செய்துவிடவில்லை. பழைய கெர்னல், கம்பெனி கைவிட்ட போன். விண்ணப்பத்தைக் கடைசியில் தோழி ஒருத்தியின் போனில்தான் அனுப்பினோம். ஆனால் இப்போது அப்பா கேட்டால் பதில் சொல்லத் தெரியும்: "யாரும் திங்கலப்பா. வேலி போட்டு வெச்சிருக்காங்க."

அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்ப வேலிய எடுக்குற வேலையப் படி பாப்பா."

நண்பர்களே, அந்த வேலைக்குத்தான் உங்களையும் கூப்பிடுகிறேன். சேர்ந்து படிப்போம், பகிர்ந்து வளர்வோம்!

– இறுதியாண்டு மாணவி, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு